பொண்ணு, போன், சினிமா: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். மார்க் பற்றிப் பேச வரும் பெற்றோர், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போதுதான் மனதில் இருக்கும் கேள்வியை எடுப்பார்கள். ராத்திரி வாட்ஸ்அப்பில் வருவது தனி. தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே போட்டிருக்கிறேன்.

சினிமா, டிவி, ரீல்ஸ் பார்த்தா பொண்ணுங்க கெட்டுப் போயிடுவாங்கங்கறது நிஜமா, இல்ல சும்மா பயமுறுத்தறதா?

இப்படிக் கேட்பவர்கள் மனதில் பெரும்பாலும் இரண்டு பயம்தான் இருக்கும்: டிரெஸ், பையன். ஆராய்ச்சி செய்தவர்களுக்கு அடிக்கடி தட்டுப்படுவது வேறொன்று. பெண் பிள்ளை தன் உடம்பைத் தானே வெறுக்க ஆரம்பிப்பது.

பிஜித் தீவில் நத்ரோகா என்று ஒரு பகுதி, அங்கே டிவி வந்ததே 1995-இல்தான். அதுவரை நல்ல சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு, ‘என்ன இளைச்சுட்டே?’ என்று அக்கறையாக விசாரிப்பார்கள், நம் பாட்டிகள் மாதிரியே. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் டிவி வந்த புதிதில் பள்ளிப் பெண்களிடம் பேசினார், 1998-இல் அதே வயதுப் பெண்களிடம் மறுபடி கேட்டார். எடை குறையச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதாக முதல் முறை ஒருத்திகூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பெண்கள், டிவி மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் சும்மா பயமுறுத்தல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நாங்களும் சினிமா பார்த்துத்தானே வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும் அம்மாவின் பீரோவில் ஒரு ஃபேர்னஸ் க்ரீம் டியூப் இருந்தே தீரும். ஆகியிருக்கிறது, நமக்குப் பழகிவிட்டது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நமக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒலியும் ஒளியும், ஊர்த் தியேட்டரில் எப்போதாவது ஒரு படம். திரையில் இருந்தவர்கள் எட்டாத தூரத்து நடிகைகள், அவர்களோடு நம்மை யாரும் ஒப்பிடவில்லை. இப்போது உங்கள் பெண் பார்ப்பது பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் முகத்தை, அதுவும் ஃபில்டர் போட்டு மூக்கைச் சிறிதாக்கி, தோலை வழவழவென்று ஆக்கிய முகத்தை. அப்புறம், ஒரு வீடியோவில் நாலு விநாடி கூடுதலாகத் தயங்கினாலே போதும், அதே ரகத்தில் இன்னும் இருபது வரும். தொப்பை குறைக்கும் வீடியோவை அவள் தேட வேண்டியதில்லை, அதுவே அவளைத் தேடி வரும்.

என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ்தாங்க. இப்பவே கவலைப்படணுமா?

கவலை வேண்டாம், கவனம் வேண்டும். பிரிட்டனில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்திலிருந்து எட்டு வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் காட்டினார்கள். சிலருக்கு பார்பி பொம்மைப் படம், சிலருக்குச் சாதாரண உடல்வாகுள்ள பொம்மை, சிலருக்குப் பொம்மையே இல்லாத படங்கள். பார்பியைப் பார்த்த சின்னக் குழந்தைகள்தான் தங்கள் உடம்பைப் பற்றிக் குறைவாக நினைத்தார்கள், ஒல்லியாக வேண்டும் என்றார்கள். பார்பி கம்பெனியே 2016-இல் குட்டை, உயரம், பூசினாற்போல என்று புது உடல்வாகுகளில் பொம்மை விட்டது.

அதற்காக வீட்டில் இருக்கும் பொம்மையைத் தூக்கி எறியாதீர்கள். ஒரே மாதிரி பத்துப் பொம்மை வாங்காமல் இருந்தால் போதும்.

டிவி டான்ஸ் போட்டியில சேர்க்கச் சொல்லி அடம் பிடிக்கறா. சேர்க்கலாமா?

டான்ஸ் நல்லது. எந்தப் பாட்டுக்கு, எந்த ஸ்டெப், யார் என்ன கமென்ட் அடிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். ஆண்டு விழா ஒத்திகை ஒன்றில் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு தோளைக் குலுக்கச் சொல்லிக் கொடுத்தார். அது கடித்துப் பார்த்துவிட்டு, ‘இது எதுக்கு மிஸ், பல்லு வலிக்குதுன்னு அர்த்தமா?’ என்று என்னிடம் கேட்டது. மாஸ்டர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் அந்த ஸ்டெப் எடுக்கப்படும்வரை விடவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை, ஏனென்றால் பாட்டு ஹிட் பாட்டு.

டிவி டான்ஸ் நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்கு ஒவ்வாத விதத்தில் காட்டக் கூடாது என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் சேனல்களுக்கு எழுதியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளும் இருக்கின்றன: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரம் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக வேண்டும். சேர்ப்பதற்கு முன் இதை நிகழ்ச்சிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால் வந்துவிடுங்கள்.

கறுப்பா இருக்கேன்னு அவளே ஃபீல் பண்றா. ஒரு க்ரீம் வாங்கிக் கொடுத்தா என்ன தப்பு?

இந்தியாவில் 1975-இல் வந்த அந்தப் பிரபல க்ரீமின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ 2020-இல் எடுக்கப்பட்டு ‘க்ளோ’ ஆனது. கறுப்பாக இருப்பவர்களை வேலை கிடைக்காதவர்களாக, கல்யாணம் ஆகாதவர்களாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014-லேயே விதி போட்டது. அதனால் இப்போது விளம்பரங்களில் ‘சிவப்பழகு’ குறைந்து ‘பொலிவு’, ‘பளபளப்பு’ நிறைந்திருக்கிறது. பார்க்கும் பெண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், அவள் ஒன்றும் அசடு இல்லை.

கடையில் பேர் தெரிந்த க்ரீமைவிட எனக்குப் பயம், யாரோ இன்ஸ்டாகிராமில் ‘ஏழே நாளில்’ என்று விற்கும் பேர் தெரியாத டப்பாதான். 2023-இல் கேரளாவின் மலப்புரம் பக்கம் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்த டாக்டர்கள், பலரும் நிறம் கொடுக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள், அவற்றில் பாதரசம் இருந்தது. இன்னொரு வகை ஸ்டீராய்டு களிம்பு. மெடிக்கலில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கி மாதக்கணக்கில் பூசுவது. முதலில் முகம் வெளுக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரியும். தோல் டாக்டர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் வருகிறார்கள். டாக்டர் சீட்டில்லாமல் இவற்றைக் கொடுக்கக் கூடாது.

பெண் ‘எல்லா நடிகையும் வெள்ளைதானே’ என்றால், ஃபேர்னஸ் க்ரீம் விளம்பரம் வேண்டாம் என்று மறுத்த சாய் பல்லவியைப் பற்றிச் சொல்லுங்கள். அறிமுகமான மலையாளப் படத்திலேயே முகத்துப் பருவை மறைக்காமல் நடித்தவர். என் வகுப்பில் பாடப் புத்தகத்தைவிட இந்தத் தகவல் வேகமாக ஏறியது.

நாங்க யாரும் அவளைக் கறுப்புன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே, பின்ன எங்கிருந்து வந்துச்சு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நேராகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ‘வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே’ என்று சொல்லியிருப்பீர்கள். மாசமாக இருக்கும் சித்திக்குக் குங்குமப்பூ கலந்து பால் கொடுப்பதை அவள் பார்த்திருப்பாள். மாமாவுக்குப் பெண் தேடும்போது ‘நிறம் கொஞ்சம் கம்மி’ என்று போட்டோவைத் திருப்பி வைத்ததையும் பார்த்திருப்பாள்.

அப்புறம் சீர். பெண் வயதுக்கு வந்ததும் மண்டபம் பிடித்து, வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். அதில் நம் பெண்ணின் முகம் மூன்று சுற்று வெளுத்திருக்கும், தாடை மெலிந்திருக்கும், ஸ்டுடியோக்காரர் கேட்காமலே செய்து கொடுப்பார், யாரும் வேண்டாம் என்பதில்லை. முந்தின வாரமே அவுட்டோர் ஷூட், ட்ரோன், சினிமாப் பாட்டுக்கு ஸ்லோ மோஷனில் நடை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் அந்த ஃப்ளெக்ஸின் கீழே நின்று வருகிறவர்களைக் கும்பிடுகிறாள், வருகிறவர்கள் மேலே ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்க்கிறார்கள். ஒருத்தி மேக்கப்பைக் கலைக்கவே மாட்டேன் என்று ராத்திரி அப்படியே தூங்கினாளாம், அவள் அம்மா பெருமையாகச் சொன்னார். திரை சொல்வதை எல்லாம் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவதில்லை. அதையே வீட்டில் உள்ளவர்களும் ஆமோதிக்கும்போதுதான் நம்புகிறார்கள். இன்ஸ்டாகிராமைத் திட்டும் பெற்றோர் பலர் அந்த ஃப்ளெக்ஸுக்குக் காசு கட்டியவர்கள்தான். சீர் செய்யுங்கள், உங்கள் இஷ்டம். அவள் முகத்தை அவள் முகமாகவே அச்சடிக்கச் சொல்லுங்கள்.

ராத்திரி சாப்பிடவே மாட்டேங்கறா, டயட்டாம். திட்டறதா, விட்டுடறதா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதா?

திட்ட வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம். சாப்பிட்டதும் பாத்ரூமில் போய் நெடுநேரம் இருப்பது, மாதவிடாய் தள்ளிப் போவது அல்லது நிற்பது, தலைசுற்றல், முடி கொட்டுதல், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, சட்டென்று எடை இறங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டாக்டரைப் பாருங்கள், நாள் கடத்தாதீர்கள். மனசு சம்பந்தப்பட்டதும் உண்டு. 14416 என்ற அரசு இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வளரும் வயதில் எடை கூடுவது இயல்பு, அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதோடு நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு, அதில் யாரோ ஒரு யூட்யூபர் சொன்ன டயட். காலை அசெம்பிளியில் யார் மயங்கி விழுவார்கள் என்று எங்களுக்கு இப்போது முன்கூட்டியே தெரிகிறது. இன்னொன்று, விருந்தாளிகள் வந்ததும் ‘குண்டாயிட்டியே’ என்று ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே வெட்டுங்கள், அவள் எதிரில்.

இன்ஸ்டாகிராம் எந்த வயசுல கொடுக்கலாம்?

கம்பெனி விதிப்படி 13. இந்தியாவின் 2023-ஆம் வருட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்கவே கூடாது என்று ஆக்கிவிட்டது. என்னைக் கேட்டால் பத்தாம் வகுப்பு முடியட்டும் என்பேன், ஆனால் என் வகுப்பில் கணக்கு இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணலாம், அதனால் நடப்பது என்னவோ அதைப் பேசுவோம்.

முதலில் அவள் கணக்கில் பிறந்த வருடம் என்ன போட்டிருக்கிறாள் என்று பாருங்கள். பதின்வயதினருக்கான தனிக் கணக்கு முறை இந்தியாவுக்கு 2025-இல் வந்தது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே இருந்தால் அமைப்பை மாற்றப் பெற்றோர் அனுமதி வேண்டும். இதெல்லாம் உண்மையான வயதைப் போட்டால்தான். ஆறாம் வகுப்பிலேயே 1998 என்று போட்டுக் கணக்குத் திறந்தவளை அது முழு வளர்ந்த பெண்ணாகத்தான் நடத்தும். அந்த 1998-ஐப் போட்டது பல வீடுகளில் அண்ணன், சில வீடுகளில் அம்மாவே.

கம்பெனிக்குத் தெரியாமல் நடக்கிறது என்றும் நினைக்காதீர்கள். 2021-இல் ஃபிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த பேப்பர்களில், பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருத்திக்கு உடம்பு பற்றிய கவலையை நாம் மோசமாக்குகிறோம் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

அப்ப போனைப் பிடுங்கி வெச்சுட்டா முடிஞ்சுது இல்ல?

தோழி போன் இருக்கிறது. நீங்கள் பிடுங்குபவர் என்று தெரிந்துவிட்டால், ஏதாவது சிக்கல் வந்தால் முதலில் உங்களிடம் மறைப்பாள். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது மார்ஃபிங் பற்றிய கேள்வியில் வரும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜுக்குப் போய்விட வேண்டும் என்று வையுங்கள். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும்.

பி.டி.எஸ், பி.டி.எஸ்ஸுன்னு கொரியாக்காரங்க பைத்தியமா இருக்கா. கரூர்ல பொண்ணுங்க வீட்டை விட்டே போயிட்டாங்கல்ல?

பி.டி.எஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவைப் பார்க்க, 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துப் பள்ளிச் சிறுமிகள் மூன்று பேர் விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிக் கொரியா போகலாம் என்று கிளம்பி, காட்பாடியில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். நல்லவேளை, முழுசாக வீடு சேர்ந்தார்கள். அதைச் செய்தியில் சிரித்துக்கொண்டே பகிர்ந்தவர்களைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வயதில் எம்.ஜி.ஆரைப் பார்க்க, ரஜினியைப் பார்க்க மெட்ராஸுக்கு ரயிலேறிய பையன்களின் கதையை நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

கொரியப் பாட்டு கேட்பதால் ஒன்றும் ஆகாது. என் மாணவிகளில் சிலர் அதைச் சாக்காக வைத்துக் கொரிய எழுத்தே கற்றுக்கொண்டார்கள். கண் வைக்க வேண்டியது அந்த நட்சத்திரங்களின் எடை, அவர்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் பட்டினி டயட், கண்ணாடி போன்ற தோலுக்கு ஏழு பாட்டில் பூசுவது, இவற்றின் மேல். பதின்வயதுத் தோலுக்கு, சுருக்கம் போக்கப் பூசும் ரெட்டினாலும் ஆசிட் சீரமும் தேவையே இல்லை, எரிச்சல்தான் மிச்சம்.

ஹீரோ பின்னாடியே சுத்திச் சுத்தி வந்தா அது லவ்வுன்னு காட்டறாங்க. பொண்ணு அதை நம்பிடுவாளா?

நம்புகிறார்கள். ‘ஆறு மாசமா பின்னாடி வர்றான் மிஸ், பாவம்’ என்று ஒருத்தி சொன்னாள். பயந்து போய் வழியை மாற்றிக்கொண்டவளும் அவளேதான், இரண்டும் அவளுக்கு முரணாகத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது 2013-இலிருந்தே சட்டப்படி குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது தமிழ் சினிமாவின் இந்தப் பழக்கத்தைப் பலரும் கேள்வி கேட்டார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஒன்று கவனித்தேன். இந்தக் கேள்வியைப் பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும்தான் கேட்கிறார்கள். பையனை வைத்திருப்பவர் ஒருவராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிப் பார்த்தா டிவியால நல்லதே இல்லையா?

நிறைய இருக்கிறது. கேபிள் டிவி வந்த கிராமங்களையும் வராத கிராமங்களையும் ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள், தமிழ்நாடும் அதில் உண்டு. கட்டுரை 2009-இல் வந்தது. கேபிள் வந்த இடத்தில் புருஷன் அடிப்பது சரி என்று நினைக்கும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணம் குறைந்தது. அழுமூஞ்சி சீரியல் என்று நாம் கேலி செய்ததுதான், வேலைக்குப் போகிற, தனியாக முடிவெடுக்கிற பெண்களையும் அந்தக் கிராமங்களுக்குக் காட்டியது.

2025 நவம்பரில் நவி மும்பையில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கிய மறுநாள், எங்கள் பள்ளி மைதானத்தில் என் மாணவிகள் பையன்களிடமிருந்து மட்டையைப் பிடுங்கி ஆடினார்கள். வெயிலில்தான். கறுத்துவிடுவோம் என்று அன்றைக்கு ஒருத்திகூடச் சொல்லவில்லை.

எவனோ அவ போட்டோவை மார்ஃப் பண்ணி அனுப்பறான். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். என்ன பண்றது?

அவளைத் திட்டாதீர்கள். ‘போட்டோ ஏன் போட்டே?’ என்பது இன்றைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. எதையும் அழிக்காமல், வந்த மெசேஜ், கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், போட்டோவை மட்டும் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ வரும், பெயரை வெளியிடுவதே குற்றம், அதனால் ‘வெளியே தெரிந்துவிடும்’ என்ற பயத்தில் புகார் கொடுக்காமல் இருக்க வேண்டாம். அந்தரங்கப் படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு, படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே அதன் அடையாளக் குறியை மட்டும் வைத்து, அதில் சேர்ந்துள்ள தளங்களிலிருந்து நீக்க உதவும்.

நான் எதைச் சொன்னாலும் ‘உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா’ங்கறா. எப்படித்தான் பேசறது?

சொல்லாதீர்கள், கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து ரீல் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘இதுல என்ன விக்கறாங்க?’ என்று மட்டும் கேளுங்கள். காசு வாங்கிப் போடும் பதிவில் விளம்பரம் என்று குறிக்க வேண்டும் என 2021-இலிருந்து விதி இருக்கிறது, அதை எழுதியிருக்கிறார்களா, எந்த மூலையில் எவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறார்கள் என்று அவளையே தேடச் சொல்லுங்கள். என் வகுப்பில் இதை ஒரு பீரியட் செய்தோம். பாதியிலேயே ‘மிஸ், இந்த அக்காவும் விளம்பரம்தானா?’ என்று ஒரு குரல், கொஞ்சம் கோபமாகவே. அந்தக் கோபம் அவர்களுக்கே வந்தால் நாம் பேச வேண்டியது குறைந்துவிடும்.

நானே பொண்ணை வெச்சு ரீல்ஸ் போடறேன். எழுபதாயிரம் ஃபாலோயர்ஸ். இதுல என்ன டீச்சர் தப்பு?

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அவள் ‘இன்னிக்கு வேண்டாம்’ என்றால் அன்றைக்கு கேமராவை வைத்துவிடுகிறீர்களா? அவள் அழுதது, பரீட்சையில் ஃபெயிலானது, வயதுக்கு வந்தது, இதெல்லாம் அதில் இருக்கிறதா? ஸ்கூல் யூனிஃபார்ம், பேட்ஜ், வீட்டு வாசல் தெரிகிறதா? ஃபாலோயர்ஸ் பட்டியலைத் திறந்து, அவளைவிட முப்பது வயது மூத்த முன்பின் தெரியாத ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

காசு வருகிறது என்றால் டிவிக்குச் சொன்ன அதே ஐந்து மணி நேரத்தையும் 20 சதவீதத்தையும் உங்களுக்கும் பொருத்திக்கொள்ளுங்கள், அவள் பெயரில் பேங்கில் போடுங்கள். பழைய வீடியோக்களை அவளோடு உட்கார்ந்து பார்த்து, எதை எடுக்கச் சொல்கிறாளோ அதை எடுத்துவிடுங்கள், வியூஸ் எத்தனை லட்சமாக இருந்தாலும்.